அறுபது ஆகிறது, கொண்டாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதாம் கல்யாணம் நெருங்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. எந்த ஹோமத்துக்கு எத்தனை கலசம் என்பதை உங்கள் வீட்டு வாத்தியாரிடம் (புரோகிதரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் யாரை நினைக்கலாம், யாரைக் கௌரவிக்கலாம், அதனால் வயது பற்றிய சங்கடம் குறையுமா என்பதுதான் இங்கே பேச்சு.

ஐம்பது, எழுபதையெல்லாம் விட்டுவிட்டு அறுபதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தடபுடல்?

பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகள் 60. பிறந்த ஆண்டின் பெயர் இன்னொரு முறை வருவதற்கு 60 வருஷம் ஆகும். 1966 சித்திரையிலிருந்து 1967 பங்குனி வரை பிறந்தவர்கள் பராபவ ஆண்டுக்காரர்கள். அந்தப் பராபவ 2026 சித்திரையில்தான் திரும்புகிறது. வானத்திலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வியாழன் ஒரு சுற்று வர 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, நாம் பிறந்தபோது நின்ற இடத்தின் அருகே இரண்டும் வந்து சேர்வது அறுபதை ஒட்டித்தான். ஜப்பானிலும் இதுபோல் ஒரு 60 ஆண்டுச் சக்கரம் உண்டு. அங்கே அறுபது நிறைந்தவருக்குச் சிவப்பு நிறத்தில் கையில்லாத மேலாடை போட்டு வாழ்த்துவார்கள். விழாவுக்கு கன்ரெகி என்று பெயர்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்ந்தது. மத்திய அரசில் 1998 முதலே 60தான். ஆக, கல்யாண மாலையும் பணி ஓய்வு மாலையும் சில மாத இடைவெளியில் கழுத்தில் விழுகின்றன. முதல் மாலையில் இருக்கும் சந்தோஷத்தை இரண்டாவது மாலை பாதியாக்கிவிடுகிறது. நேற்றுவரை ஓயாமல் அடித்த போன் இன்று சும்மா கிடக்கும்போதுதான் பலருக்கும் வயது உறைக்கிறது.

59 முடிந்ததும் செய்வதா, 60 முடிந்தா?

59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்து செய்வது சஷ்டியப்த பூர்த்தி. ஊர்ப் பேச்சில் அறுபதாம் கல்யாணம் என்பது இதைத்தான். பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் வைப்பது வழக்கம். ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, அப்புறம் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள் ஏராளம். வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வயதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இதில் பத்திரிகை அடித்து ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

பத்திரிகை அடிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தக் கூச்சத்துக்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 191ஆம் பாட்டு. எழுதியவர் பிசிராந்தையார், பாண்டி நாட்டுக்காரர். "இத்தனை வயதாகியும் உங்களுக்கு முடி நரைக்கவில்லையே, எப்படி?" என்று அவரிடம் கேட்கிறார்கள். நாமாக இருந்தால் கரிசலாங்கண்ணி, நடைப்பயிற்சி என்று ஆரம்பித்திருப்போம். அவர் சொன்ன பதிலில் அவருடைய உடம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மனைவி மாண்புடையவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவல் செய்பவர்கள் நான் எண்ணுவதையே எண்ணுகிறார்கள், அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான், இதற்கெல்லாம் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

வயதைப் பற்றிக் கேட்டதற்கு மனிதர்களைக் கணக்குச் சொன்னார் அவர். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதும் அதையேதான். அறுபது வருஷத்தில் எது எது போனது என்று எண்ண உட்கார்ந்தால் முடி, பல், பதவி என்று நீண்டுகொண்டே போகும். அந்த வருஷங்களில் யார் யார் நம்மைத் தாங்கினார்கள் என்று எண்ணினால் அதுவும் நீளும், ஆனால் எண்ணி முடிக்கும்போது கூச்சம் எங்கே போனது என்று தெரியாது. இத்தனை பேர் வந்து போக இத்தனை வருஷம் வேண்டியிருந்தது என்று எடுத்துக்கொண்டால் அறுபது என்ற எண்ணைச் சொல்ல நாக்குத் தயங்காது.

நன்றி சொன்னால் மனசு லேசாகும் என்பது பெரியவர்கள் சொல்லும் உபதேசம்தானே? ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழு வாரம் ஒருமுறை நன்றிக்குரிய விஷயங்களை எழுதியது, இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது. பத்து வாரம் கழித்து, நன்றிக் குழுவினர்தான் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகப் பேசினார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு ஒன்றைச் சோதித்தது. நமக்கு நல்லது செய்து, நாம் சரியாக நன்றி சொல்லாமல் விட்டவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். செய்தவர்களின் சந்தோஷம் சட்டென்று ஏறியது, ஒரு மாதம் வரை நின்றது, அப்புறம் தேய்ந்துவிட்டது. எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் பிடித்திருக்கிறது. ஒருமுறை சொன்னால் ஆயுளுக்கும் போதும் என்று யாரும் ஏமாற்றவில்லை.

2018இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் கண்டது இன்னும் சுவையானது. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், "படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ" என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். வாங்கியவர்களோ எழுதியவர் நினைத்ததைவிட அதிகம் மகிழ்கிறார்கள். "அவருக்கென்ன, இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு" என்று நாம் தள்ளிப்போடுவது அந்தப் பயத்தால்தான்.

வயதைப் பற்றி நேரடியாகவும் ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரை இருபது ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த தகவல்களை வைத்து, பெக்கா லெவி 2002இல் வெளியிட்டது. தம் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 7½ ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். நல்ல எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

விழா எனக்கு. நான் எதற்கு மற்றவர்களைக் கௌரவிக்க வேண்டும்?

சடங்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். கலச நீர் தம்பதியின் தலையில் விழுகிறது, மாலை மாற்றுகிறார்கள், மறுபடி தாலி கட்டுகிறார்கள், சிறியவர்கள் வரிசையில் வந்து விழுந்து கும்பிடுகிறார்கள். இதெல்லாம் புகைப்படத்தில் இருக்கும். தங்களைவிட மூத்தவர்களைத் தம்பதி நமஸ்கரிப்பதும், தானம் கொடுப்பதும், வந்தவர்களுக்கு இலை போடுவதும், தாம்பூலம் கொடுத்து அனுப்புவதும் அதே சடங்கில்தான் இருக்கின்றன. இன்று அந்தப் பகுதி கடைசி அரை மணியில் அவசர அவசரமாக முடிகிறது. தாம்பூலப் பையை வாசலில் யாரோ முகம் தெரியாத பையன் நீட்டுகிறான்.

அதை நீங்களே நின்று கொடுங்கள். கால் வலிக்குமென்றால் உட்கார்ந்து கொடுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு வாக்கியம், அவரவருக்கு உரியது: "நம்ம பெரியவன் பிறந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கதான் ஆட்டோ பிடிச்சிட்டு வந்தீங்க." மேடையில் பேசும் பாராட்டுரையை எல்லோரும் மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

யார் யாரை நினைவில் வைத்துக் கூப்பிடுவது? சொந்தக்காரர்களே முந்நூறு பேர் இருக்கிறார்களே.

சொந்தக்காரர் பட்டியலைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு நோட்டை எடுத்து, பத்துப் பத்து வருஷமாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பத்தில் அம்மா அப்பாவைத் தவிர யார்? பெரும்பாலும் ஓர் அத்தையோ, எதிர்வீட்டு ஆச்சியோ வருவார்கள். இரண்டாவது பத்தில் ஒரு வாத்தியார் வருவார், பீஸ் கட்ட உதவிய ஒரு மாமா வருவார். இருபதுகளில் முதல் வேலைக்குச் சொல்லிவிட்டவர், மேன்ஷன் அறையில் பாய் கொடுத்த நண்பன். முப்பதுகள்தான் கொஞ்சம் ஆச்சரியம் தரும். பிள்ளை வளர்த்த காலம் என்பதால் அந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள் பெயராக இருக்கும்: மாமியார், பக்கத்து வீட்டுக்காரம்மா, பால்வாடி டீச்சர், வீட்டு வேலைக்கு வந்தவர். இவர்களில் பாதிப்பேருக்கு முன்பு ஒருமுறைகூட வாய்விட்டு நன்றி சொல்லியிருக்க மாட்டோம்.

பிசிராந்தையார் ஏவல் செய்பவர்களைத் தன் பட்டியலில், அரசனுக்கு முன்னால் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இருபது வருஷம் வேலை செய்த அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, விழா அன்று அவரையே சமையற்கட்டில் பாத்திரம் கழுவ வைத்தால் அதற்குப் பெயர் கௌரவம் இல்லை. குடும்பத்தோடு கூப்பிட்டு, முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அன்றைக்குக் கழுவ வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

நன்றிக் கடிதம் எழுதத் தெரியாதே. மடலெல்லாம் எழுதிப் பல வருஷமாகிவிட்டது.

பெரிய நடை வேண்டாம். என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது. இந்த மூன்றும் இருந்தால் கடிதம் நிற்கும். "தங்கள் பேருதவியை என்றும் மறவேன்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அதனாலேயே அது யாரையும் தொடாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"சார், பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் பெயிலானபோது வீட்டில் என்னை மளிகைக் கடைக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். நீங்கள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அப்பாவிடம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் என்னை மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது. நீங்கள் வந்து சாப்பிட வேண்டும்."

வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினாலும் சரிதான். பூங்கொத்துப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர் இறந்துபோய்விட்டார். இப்போது என்ன செய்வது?

அவருடைய பிள்ளையைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். தன் அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒரு நல்ல சம்பவத்தைக் கேட்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. அவர் பெயரில் ஒரு வேளை அன்னதானம், அவர் படித்த பள்ளியில் ஒரு குழந்தைக்கு நோட்டுப் புத்தகம், இதெல்லாம் அப்புறம்.

உதவியும் செய்தார், பிற்பாடு துரோகமும் செய்தார். அவருக்கும் நன்றியா?

கட்டாயம் ஒன்றும் இல்லை. உங்களை அடித்தவரையும் ஏமாற்றியவரையும் "வயதாகிவிட்டது, மறந்துவிடு" என்று கட்டிப்பிடிக்க வைக்கும் வேலையைச் சில விழாக்களில் சொந்தக்காரர்கள் செய்கிறார்கள். அது நன்றியுணர்ச்சியில் சேர்த்தி இல்லை, வாயை அடைப்பது. காயம் சின்னது, உதவி பெரியது என்று உங்களுக்கே தோன்றினால் அந்த உதவியை மட்டும் சொல்லி ஒரு போன் செய்யுங்கள். பழைய கணக்கைப் பேசித் தீர்க்க அந்த நாளைப் பயன்படுத்தாதீர்கள்.

கணவருக்குத்தான் அறுபது. மனைவிக்கு ஐம்பத்து நான்கு. அவர் அறுபது எப்போது?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். அறுபதாம் கல்யாணம் கணவரின் வயதை வைத்து. எண்பதுக்கான சதாபிஷேகமும் அப்படித்தான். மனைவி இரண்டிலும் பக்கத்தில் உட்காருகிறார், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். அவருக்கு அறுபது நிறையும் நாள் சாதாரண நாளாக வந்து போகிறது. அன்றும் காலையில் இட்லி அவர்தான் ஊற்றுவார். பட்டுப்புடவை போட்டோ இருக்கிறது என்பதால் விழா எடுத்தாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஐம்பத்து நான்கில் நடந்ததை அவருடைய அறுபதாகக் கணக்கு வைக்காதீர்கள். அவருடைய நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை, அவருடைய பள்ளித் தோழிகள் நான்கு பேர், அவருடைய பட்டியலில் இருக்கும் மனிதர்கள். அந்தப் பட்டியலை அவரே எழுதட்டும். உங்களுக்குத் தெரியாத பெயர்கள் அதில் வரும், முப்பது வருஷம் கூட இருந்தும் இது தெரியாதா என்று கேட்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சமையலுக்கு ஆள் போடுவது கணவரின் பொறுப்பு.

துணை இறந்துவிட்டார், அல்லது கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எனக்கு அறுபது கிடையாதா?

தாலி கட்டும் சடங்குதான் கிடையாது. பிறந்த நட்சத்திரத்தில் ஆயுஷ் ஹோமம் தனி ஆளுக்கும் செய்யலாம். கணவரை இழந்த அம்மாவைப் பிள்ளையின் விழாவில்கூட ஓரத்தில் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. நம்மைப் பெற்றவரை முன்வரிசையில் உட்கார வைக்கத் தயங்கிவிட்டு, யாருக்கு என்ன மரியாதை செய்து என்ன பயன்?

திருக்கடையூருக்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வீட்டிலோ உள்ளூர்க் கோயிலிலோ செய்யலாம். ஆனால் அந்த ஊருக்கு ஏன் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் பக்கம் இருக்கிறது அமிர்தகடேசுவரர் கோயில், அம்பாள் அபிராமி. சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லப்படும் எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன் இங்கே லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், கயிறு வீசிய எமனைச் சிவன் உதைத்தார் என்பது தல வரலாறு. அதனால் ஆயுள் சம்பந்தப்பட்ட எல்லா வைபவத்துக்கும் இந்த ஊர்.

நல்ல நாளில் போனால் மண்டபம் முழுக்கத் தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஹோமப் புகையில் எந்த நாதஸ்வரம் யாருக்கு என்றே தெரியாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு அதில்தான் சுவாரசியம். ஊரெல்லாம் வந்து அறுபதையும் எண்பதையும் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில், தன் வயதை மறைக்க யாருக்கும் தோன்றாது. பக்கத்துத் தம்பதியிடம் எந்த ஊர் என்று விசாரியுங்கள், சதாபிஷேகத்துக்கு வந்தவர்கள் என்றால் கும்பிட்டு ஆசி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை.

மணிவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோமம் இல்லை, சாப்பாடு உண்டு, நோட்டில் எழுதிய பட்டியல் உண்டு.

செலவு?

பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் வந்தால் வீட்டு மொட்டை மாடி போதும். கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில். வர முடியாது என்கிறார்கள்.

அவர்கள் வரும் விடுமுறைக்காக நாளை ஒன்பது மாதம் தள்ளிப்போடுவதைவிட, நட்சத்திரத்தன்று சின்னதாக முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பத்துப் பேரை அவர்கள் போனில் அழைத்து, "எங்கள் அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போயிருந்தால்கூட உங்களை இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

தலைமுடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட வேண்டுமா?

எதற்கு? பிடித்திருந்தால் பூசுங்கள்.

இதெல்லாம் செய்தும் மனசு கனமாகவே இருக்கிறது.

விழா முடிந்த மறுநாள் ஏற்படும் வெறுமை சகஜம், சில நாளில் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நன்றி நோட்டு அதற்கு மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. தமிழிலேயே பேசலாம்.

எனக்கு அறுபது, என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போது எனக்கு விழாவா?

முதலில் அவருடைய கணக்கைப் பாருங்கள். எண்பதுக்கான சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்ட விழா என்பார்கள். ஆயிரம் பிறை என்பது நிலவின் ஆயிரம் சுற்று. ஒரு சுற்றுக்கு 29½ நாளுக்குக் கொஞ்சம் மேல், ஆயிரத்துக்கு 29,530 நாள். அதாவது 80 வயது முடிந்து ஏறத்தாழ பத்து மாதம். அவர் அந்தப் பக்கம் நெருங்கினால் அவருடையதை முன்னால் வையுங்கள், உங்களுடையதை அதே நாளில் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே தாண்டிவிட்டாரா? அப்படியானால் முதல் நமஸ்காரம் அவருக்கு. வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி, அதை ஹோமப் புகை எழுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை, பேத்தி ஒருத்தி துணைக்கு. வரிசையில் வருகிறவர்கள் எல்லோரும் அவர் காலைத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, கையெடுத்துக் கும்பிட்டால் போதும் என்று சொல்லிவையுங்கள். அவருக்கு மட்டும் பதினொரு மணிக்கே இலை போட்டுவிடுங்கள், சாதம் கொஞ்சம் குழைய.